பந்தும் பைபிளும்

ஆண்டுதோறும் கோடை விடுமுறை வந்துவிட்டால் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வாலிபர்கள் கோஷ்டி கோஷ்டியாக விமானம் ஏறுகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஆப்பிரிக்கக் கிராமங்களை நோக்கிப் போகிறார்கள். கையில் பைபிள், மூட்டையில் கால்பந்து, பனியன், ஊதல். சர்ச்சுகள் அனுப்பும் இந்தக் கோஷ்டிகளுக்கு "விளையாட்டு மிஷன்" என்று பெயர். பத்து நாள் அல்லது பதினைந்து நாள் தங்குகிறார்கள். காலையில் பயிற்சி, மாலையில் போட்டி, ஆட்டத்தின் இடைவேளையில் பிரசங்கம். கடைசி நாள் பரிசளிப்பு, ஜெபம், போட்டோ. அதன்பின் மீண்டும் விமானம்.

கிராமத்துச் சிறுவர்கள் ஆவலோடு ஓடி வருகிறார்கள். ஏன் வரமாட்டார்கள்? கந்தல் துணியைச் சுருட்டி, பிளாஸ்டிக் பைக்குள் திணித்து, கயிற்றால் இறுக்கிக் கட்டிய உருண்டையை உதைத்துப் பழகிய பிள்ளைகள் அவர்கள். காற்றடைத்த உண்மையான பந்து கால்மீது வந்து விழும்போது அந்த முகங்களில் பொங்குகிற மகிழ்ச்சியை எந்த மனிதன்தான் குறை சொல்வான்? நாம் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் அந்த மகிழ்ச்சியைப் போட்டோ எடுத்து, "பாருங்கள், எங்கள் தருமத்தை!" என்று உலகுக்குக் காட்டும்போது சில கேள்விகளைக் கேட்காமல் இருக்க முடியாது. அந்தப் பிள்ளையிடம் பந்து ஏன் இல்லை? அவன் பள்ளியில் மைதானம் ஏன் இல்லை? பள்ளிக்கூடமே ஏன் அரைகுறையாக நிற்கிறது? பொன்னும் செம்பும் வைரமும் விளைகிற மண்ணில் பிறந்த பிள்ளை, ஒரு பந்துக்காகக் கடல் கடந்து வரும் கனவான்களை ஏன் எதிர்பார்த்து நிற்க வேண்டும்?

நமது வழக்கு யாரோடு?

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறோம். ஏசுவை வணங்குகிறவரோடு நமக்குச் சண்டையில்லை. பஞ்சாலையில் பக்கத்துத் தறியில் நிற்பவரும், வயலில் பக்கத்து நிரையில் நாற்று நடுபவரும் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று பார்த்து நாம் தோள் கொடுப்பதில்லை. விளையாட்டோடும் நமக்குச் சண்டையில்லை. எட்டு மணி நேரம் உழைத்தவனுக்கு ஓய்வும் ஆட்டமும் உரிமை என்று போராடியவர்கள் தொழிலாளர்களே.

அந்த விமானத்தில் வருகிற வாலிபர்களிலும் பலர் நல்ல உள்ளம் படைத்தவர்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. அவர்களுடைய இருதயத்தை எடை போடுவது நமது வேலையல்ல. அவர்கள் ஏறி வருகிற வண்டி யாருடையது, அது எந்தப் பாதையில் ஓடி வந்தது என்பதே இங்கே கேள்வி. அந்தப் பாதை நூறாண்டுக்கும் மேற்பட்டது.

அவுரித் தோட்டத்துப் பணம்

விளையாட்டையும் வேதத்தையும் சேர்த்துப் பிணைக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேரூன்றியது. உடல் வலிமையும் கிறிஸ்துவ ஒழுக்கமும் ஒன்றையொன்று வளர்க்கும் என்று அங்கே போதித்தார்கள். சாம்ராஜ்யத்தை ஆளப் போகிற வாலிபர்களைப் பள்ளி மைதானங்களில் தயார் செய்த காலம் அது. 1844-ல் லண்டனில் துவங்கிய ஒய்.எம்.சி.ஏ. பின்னர் இந்த முறையை உலகெங்கும் கொண்டு சென்றது. கூடைப்பந்து 1891-லும், வாலிபால் 1895-லும் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர்கள் உருவாக்கிய ஆட்டங்களே. 1920-ல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் துவக்கியதும் அதே ஸ்தாபனம்தான். நம் ஊர் வாலிபர்கள் இரண்டு கம்பம் நட்டு வலை கட்டி ஆடுகிற வாலிபால் நல்ல ஆட்டம். அது எந்த வாசல் வழியாக வந்தாலும் இன்று மக்களின் சொத்து.

இந்த வரலாற்றில் ஒரு மனிதரின் கதை நம் கவனத்துக்கு உரியது. சார்லஸ் ஸ்டட் என்பவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிரிக்கெட் ஆட்டக்காரர். 1882-ல் ஆஸ்திரேலியாவிடம் இங்கிலாந்து 7 ரன்னில் தோற்று, "ஆஷஸ்" என்ற பெயர் பிறக்கக் காரணமான ஆட்டத்தில் ஆடியவர். 1885-ல் கேம்பிரிட்ஜ் வாலிபர்கள் ஏழு பேர் மிஷனரிகளாகச் சீனா போனார்கள். அவர்களில் இவர் ஒருவர். ஆட்டக்காரர் என்ற புகழே வழியனுப்புக் கூட்டங்களுக்குப் பெருங்கூட்டத்தை இழுத்தது. பிறகு 1900 முதல் 1906 வரை நம் உதகமண்டலத்தில் ஒரு சர்ச்சில் போதகராக இருந்தார். 1913-ல் பெல்ஜியத்தின் கீழிருந்த காங்கோவுக்குப் போனார். அங்கேயே இபாம்பி என்ற கிராமத்தில் 1931-ல் இறந்தார்.

தந்தையிடமிருந்து வந்த சொத்து முழுவதையும் ஸ்டட் தருமத்துக்குக் கொடுத்துவிட்டார். இது உண்மை, பெரிய மனசு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தச் சொத்து எங்கிருந்து வந்தது? அவருடைய தகப்பனார் பீகாரின் திர்ஹூத் பகுதியில் அவுரித் தோட்டம் நடத்திப் பணம் குவித்தவர். அதே திர்ஹூத்தைச் சேர்ந்ததுதான் சம்பாரண். விவசாயி தன் நிலத்தில் இருபதில் மூன்று பங்கில் அவுரிதான் பயிரிட வேண்டும் என்று வெள்ளைத் தோட்டக்காரர்கள் அங்கே கட்டாயப்படுத்தினார்கள். 1917-ல் காந்தியடிகள் சென்று போராடியது அந்தக் கொடுமையை எதிர்த்துத்தான்.

பீகார் விவசாயியின் வியர்வை இங்கிலாந்தில் மாளிகையாயிற்று, மாளிகை தருமமாயிற்று, தருமம் கப்பலேறியது. தருமம் செய்தவரின் பெயரைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. அவுரி பயிரிட்டவனின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

காங்கோவின் முன்னூறு ஏக்கர்

ஸ்டட் போய்ச் சேர்ந்த காங்கோ எப்படிப்பட்ட நாடு? ஐரோப்பிய வல்லரசுகள் பெர்லினில் கூடி ஆப்பிரிக்காவுக்கு விதி எழுதிய 1885-ஆம் ஆண்டில், காங்கோ பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் சொந்தச் சொத்தாயிற்று. அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போகிறேன், நாகரிகத்தைப் பரப்பப் போகிறேன் என்று அவன் சொன்னான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ரப்பர் பால் கொண்டுவர மறுத்த கிராமங்களைச் சுட்டார்கள், எரித்தார்கள். செலவழித்த தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட மனிதர்களின் கைகளை வெட்டினார்கள்.

இந்தக் கொடுமையை உலகறியச் செய்தவர்களில் மிஷனரிகளும் உண்டு. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. 1904-ல் பாரிங்காவில் ஆலிஸ் ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண்மணி எடுத்த போட்டோவில், ந்சாலா என்ற தகப்பன் வெட்டுண்ட தன் ஐந்து வயது மகளின் கையையும் காலையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அந்தப் படங்களை இங்கிலாந்து மண்டபங்களில் திரையிட்டுக் காட்டினார்கள். கறுப்பு அமெரிக்கரான வில்லியம் ஷெப்பர்டு என்ற பாதிரியார் கசாய் ரப்பர் கம்பெனியின் அக்கிரமத்தை எழுதினார். கம்பெனி 1909-ல் அவர்மீது அவதூறு வழக்குப் போட்டது. அவருக்காகக் காங்கோ வரை சென்று வாதாடியவர் பெல்ஜியத் தொழிலாளர் கட்சியின் தலைவர் எமில் வாண்டர்வெல்டே. வழக்கில் ஷெப்பர்டு விடுதலையானார். நம்பிக்கை வேறாக இருந்தாலும் நியாயத்துக்காக ஒன்று சேர முடியும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் ஷெப்பர்டுகள் சிலரே. நிறுவனமாக நின்ற திருச்சபையின் கதை வேறு. 1906-ல் லியோபோல்டு வாட்டிகனோடு ஒரு ஒப்பந்தம் செய்தான். அதன்படி ஒவ்வொரு கத்தோலிக்க மிஷனுக்கும் 100 முதல் 200 ஹெக்டேர் வரை நிலம் கிடைத்தது. நம் கணக்கில் சுமார் 250 முதல் 500 ஏக்கர். சராசரியாக முன்னூறு, நானூறு ஏக்கர் நிலத்தில் அமர்ந்துகொண்டு, "மண்ணுலகில் பொருள் சேர்க்காதே" என்று மண்ணை இழந்தவனுக்குப் பிரசங்கம் நடந்தது. இதைப் படிக்கிற விவசாயத் தொழிலாளிக்கு நாம் மேலும் விளக்க வேண்டியதில்லை.

1908-ல் காங்கோ மன்னன் கையிலிருந்து பெல்ஜிய சர்க்கார் கைக்கு மாறியது. 1911-ல் சன்லைட் சோப்புக்குப் பெயர்போன லீவர் கம்பெனி அங்கே நுழைந்தது. 7 லட்சத்து 50 ஆயிரம் ஹெக்டேர் வரை, அதாவது 18 லட்சம் ஏக்கருக்கும் மேல், எண்ணெய்ப்பனை நிலத்துக்கு அதற்கு உரிமை தரப்பட்டது. பனைக்குலை வெட்ட ஆட்களைக் கட்டாயமாகப் பிடித்து வேலை வாங்கினார்கள். உலக மந்தத்தில் விலை சரிந்தபோது கூலியைக் குறைத்தார்கள், வரியைக் குறைக்கவில்லை. ஸ்டட் இறந்த அதே 1931-ல், நாட்டின் மறுகோடியில் பெண்டே மக்கள் பொங்கி எழுந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது பெல்ஜியப் படை.

சர்க்கார், கம்பெனி, சர்ச்சு: காங்கோவைத் தாங்கிய மூன்று தூண்கள் இவை. கம்பெனி உழைப்பை எடுத்தது. சர்க்கார் துப்பாக்கி கொடுத்தது. சர்ச்சு பணிவைப் போதித்தது. பள்ளிக்கூடம் அநேகமாக மிஷன் கையில்தான் இருந்தது. ஆரம்பப் பள்ளி உண்டு. அதற்குமேல் படிக்க வழி மிகக் குறைவு. 1960-ல் சுதந்திரம் வந்தபோது அந்தப் பெரிய நாட்டில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற காங்கோ மக்கள் முப்பது பேர்கூட இல்லை. ராணுவத்தில் ஒரு கறுப்பு அதிகாரி இல்லை.

மைதானத்திலிருந்து தெருவுக்கு

பள்ளியைக் குறைத்தவர்கள் பந்தைக் குறைக்கவில்லை. இது கவனிக்க வேண்டிய விஷயம். தலைநகர் லியோபோல்ட்வில்லில், அதாவது இன்றைய கின்ஷாசாவில், ரஃபேல் தெ லா கெதுல் என்ற பெல்ஜியப் பாதிரியார் கால்பந்துச் சங்கங்களையும் மைதானங்களையும் உண்டாக்கினார். மக்கள் அவரை "தாத்தா ரஃபேல்" என்று அழைத்தார்கள். அவர்கள் மொழியில் "தாத்தா" என்றால் தகப்பன். 1952-ல் பெல்ஜிய மன்னன் பெயரில் பெரிய ஸ்டேடியம் எழுந்தது. காலனி அதிகாரிகளுக்கு இதில் ஒரு கணக்கு இருந்தது. வேலை முடிந்த வாலிபன் பந்தின் பின்னால் ஓடட்டும். அரசியல் கூட்டத்துக்குப் போகாதிருக்கட்டும் என்பதே அந்தக் கணக்கு.

கணக்கு பொய்த்தது. 1957-ல் பெல்ஜியத்திலிருந்து ஒரு குழு வந்து அந்த ஸ்டேடியத்தில் உள்ளூர்க் குழுவோடு ஆடியது. நடுவர் பெல்ஜியர். காங்கோ வாலிபர்கள் போட்ட கோல்களை அவர் செல்லாது என்றார். ஜனங்களுக்கு அது வெறும் ஆட்டமாகத் தெரியவில்லை. தோட்டத்தில், சுரங்கத்தில், கோர்ட்டில் அன்றாடம் கண்ட அதே நடுவரைத்தான் அங்கேயும் கண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் வெள்ளையர்களின் கார்கள்மீது கல் பறந்தது.

1959 ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை. "அபாக்கோ" என்ற கட்சி ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் கூட்டம் போட இருந்தது. அதிகாரிகள் தடுத்தார்கள். கூடிய ஜனங்கள் கலைய மறுத்தார்கள். அதே மாலை மன்னன் பெயர் தாங்கிய ஸ்டேடியத்தில் கால்பந்துப் போட்டி முடிந்து, சுமார் 20 ஆயிரம் பேர் வெளியே வந்தார்கள். இரண்டு வெள்ளமும் ஒன்றாகக் கலந்தன. பல நாள் நகரம் கொந்தளித்தது. 49 பேர் இறந்ததாகச் சர்க்கார் கணக்குச் சொன்னது. உண்மைத் தொகை அதைவிட மிக அதிகம் என்பது பலரின் முடிவு. ஒன்பதே நாளில், ஜனவரி 13 அன்று, பெல்ஜிய மன்னன் வானொலியில் வந்து சுதந்திரம் தருவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. 1960 ஜூன் 30-ல் காங்கோ சுதந்திரம் பெற்றது. இன்றும் ஜனவரி 4 அந்த நாட்டில் தியாகிகள் தினம்.

மறந்து கிடக்கட்டும் என்று கட்டிய மைதானம் மக்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்ட இடமாக மாறிவிட்டது. ஆயிரக்கணக்கான உழைப்பாளிகளை ஓரிடத்தில் திரட்டிவிட்டு, அவர்கள் பந்தைப் பற்றி மட்டுமே பேச வேண்டும் என்று எந்த எஜமானனாலும் கட்டளையிட முடியாது.

பசுவைக் கொன்று செருப்புத் தானம்

பழைய கதை இருக்கட்டும், இன்று என்ன என்று கேட்கலாம். சுதந்திரம் பெற்ற ஏழே மாதத்துக்குள், 1961 ஜனவரி 17-ல், காங்கோவின் முதல் பிரதமர் லுமும்பா படுகொலை செய்யப்பட்டார். கொடி மாறியது, கொள்ளை நிற்கவில்லை. உலகம் தோண்டுகிற கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இன்று அந்த ஒரே நாட்டிலிருந்து வருகிறது. நம் கையிலுள்ள செல்போனின் பேட்டரியில் அது இருக்கிறது. அதைத் தோண்டுகிற குழிகளில் சிறுவர்களும் இறங்குகிறார்கள். விளையாட்டு மிஷன் வாலிபன் போட்டோ எடுக்கிற போனிலும் அந்தச் சிறுவர்களின் உழைப்பு இருக்கலாம்.

1980-களில் உலக வங்கியும் சர்வதேச நிதி நிறுவனமும் ஆப்பிரிக்க நாடுகளின்மீது நிபந்தனைகளைச் சுமத்தின. சர்க்கார் செலவைக் குறை. ஆஸ்பத்திரியில் கட்டணம் வாங்கு. பள்ளியில் சம்பளம் வாங்கு என்றன. பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றார்கள். சம்பளம் ரத்தானபோது என்ன நடந்தது? உகாண்டாவில் 1996-ல் ஆரம்பப் பள்ளியில் இருந்தவர்கள் சுமார் 31 லட்சம். இலவசமாக்கிய 1997-ல் 53 லட்சம். கென்யாவில் 2003-ல் இலவசமாக்கியதும் 59 லட்சம் 72 லட்சமாயிற்று. காங்கோவிலும் 2019-ல் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கியதும் பல லட்சம் பிள்ளைகள் திரண்டு வந்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது சர்க்காரின் ஒரு உத்தரவு. எத்தனை விமானம் நிறைய மிஷன் கோஷ்டிகள் வந்தாலும் இதைச் செய்திருக்க முடியுமா?

இருந்தும் கடன்கார நாடுகளின் கழுத்தில் சுருக்கு தளரவில்லை. கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவிடுவதைவிட அதிகமாக வட்டி கட்டுகிற நாடுகளில் 330 கோடி மக்கள் வாழ்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகளின் வர்த்தக வளர்ச்சி அமைப்பு 2024-ல் கூறியது. பள்ளிக்கு மைதானம் இல்லாத காரணம் இந்த வட்டிக் கணக்கில் இருக்கிறது. பசுவைக் கொன்றுவிட்டு அதன் தோலில் செருப்புத் தைத்துத் தானம் செய்வது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையால் தைத்த பந்தில் 32 துண்டுகள். உலகத்துக்கான பந்துகளில் பெரும்பங்கு பாகிஸ்தானின் சியால்கோட்டிலும், நம் நாட்டில் ஜலந்தர், மீரட் நகரங்களிலும் ஏழைகளின் வீட்டுத் திண்ணைகளில் தைக்கப்பட்டு வந்தன. சியால்கோட்டில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் தைத்தார்கள். உலகம் காறித் துப்பிய பிறகே, 1997-ல் குழந்தைகளை விலக்க ஒப்பந்தம் வந்தது. ஒரு ஏழைப் பிள்ளை விரல் நோகத் தைத்த பந்தை இன்னொரு ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, நடுவில் நிற்பவர் புண்ணியம் கட்டிக்கொள்கிறார்!

செலவுக் கணக்கு

அமெரிக்கச் சர்ச்சுகளிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இத்தகைய குறுகிய காலப் பயணங்களில் வெளிநாடு போவதாகப் பேராசிரியர் ராபர்ட் உத்னோ 2005-ஐ ஒட்டிக் கணக்கிட்டார். ஒரு கோஷ்டிக்கு 15 பேர், தலைக்கு 3 ஆயிரம் டாலர் செலவு என்று வைத்துக்கொள்வோம். 45 ஆயிரம் டாலர் ஆயிற்று. இதில் பெரும்பகுதி விமானக் கம்பெனிக்கும் தங்கும் விடுதிக்கும் போகிறது. கிராமத்தில் தங்குவது சில பந்துகளும் பனியன்களும்தான்.

இது நம் கற்பனைக் குற்றச்சாட்டு என்று யாரும் தள்ளிவிட முடியாது. 1998 புயலுக்குப் பின் ஹோண்டுராஸ் நாட்டில் அமெரிக்கச் சர்ச்சுக் கோஷ்டிகள் வீடு கட்டிக் கொடுத்ததை ஆராய்ந்தவர் கர்ட் வெர் பீக். அவர் ஒரு கிறிஸ்துவக் கல்லூரியின் பேராசிரியர். விமானச் செலவையும் சேர்த்தால் ஒரு வீட்டுக்கு 30 ஆயிரம் டாலர் ஆயிற்று. அதே வீட்டை உள்ளூர் ஸ்தாபனம் 2 ஆயிரம் டாலரில் கட்டியது என்று அவர் கண்டார். உள்ளூர்க் கொத்தனாருக்குக் கூலியாகப் போயிருக்க வேண்டிய பணம் ஆகாயத்தில் புகையாகப் போயிற்று.

"ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் இல்லையா? பந்து கிடைத்த பிள்ளை சிரிக்கிறதே!" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பந்தைத் திருப்பிக் கொடு என்று நாம் எந்தப் பிள்ளைக்கும் சொல்ல மாட்டோம். ஆனால் பந்தை வாங்கப் பிரசங்கத்தைக் கேட்டாக வேண்டும் என்று வைப்பது தானமாகுமா? பசித்தவனிடம் கை நீட்டச் சொல்லி, அந்தக் கையில் ஒரு மதத்தையும் சேர்த்து வைப்பது அவன் மனச்சாட்சியை மதிப்பதாகுமா? எந்த மதத்துக்காரர் செய்தாலும் நமது அபிப்பிராயம் இதுவே. தன் வறுமைக்குக் காரணம் தன் பாவம், தன் மீட்சி தூரத்திலிருந்து வரும் வெள்ளைக் கை என்று ஒரு சிறுவன் பத்து வயதில் கற்றுக்கொண்டால், அந்தப் பாடத்தின் விலை ஆயிரம் பந்துகளைவிட அதிகம்.

வேண்டியது என்ன?

ஆப்பிரிக்கக் கிராமத்தானுக்கு விளையாடக் கற்றுக்கொடுக்க யாரும் கடல் கடந்து வர வேண்டியதில்லை. ஐரோப்பாவின் பெரிய கால்பந்துக் குழுக்கள் இன்று ஆப்பிரிக்க வாலிபர்களின் கால்களை நம்பி நிற்கின்றன. அங்கே குறைவது திறமை அல்ல. பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு மைதானம், மாதம் தவறாமல் சம்பளம் பெறும் உடற்பயிற்சி ஆசிரியர், பிள்ளையைக் குழிக்குள் இறக்காமல் பள்ளிக்கு அனுப்பும் அளவுக்குத் தகப்பனுக்குக் கூலி, தாகத்துக்கு நல்ல தண்ணீர்: இவைதான் குறைகின்றன. இவற்றுக்கு வேண்டிய செல்வம் அந்த மண்ணிலேயே இருக்கிறது. அது வெளியே போகும் மடையை அடைத்தால் போதும்.

விமானம் ஏறப்போகும் வாலிபர்களுக்கும் நாம் ஒன்று சொல்வோம். உங்கள் உள்ளத்தில் உண்மையான அன்பு இருந்தால், ஷெப்பர்டும் ஆலிஸ் ஹாரிஸும் போன வழியில் போங்கள். உங்கள் நாட்டு வங்கிகள் வாங்குகிற வட்டியைப் பற்றி, உங்கள் நாட்டுக் கம்பெனிகள் வாங்குகிற கோபால்ட்டைப் பற்றி உங்கள் சர்ச்சில் எழுந்து நின்று கேளுங்கள். அதற்கு விமான டிக்கெட் வேண்டியதில்லை, துணிவு வேண்டும்.

நம் வாசகர்களாகிய பஞ்சாலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இந்த ஆப்பிரிக்கச் செய்தி அந்நியமானதல்ல. போனஸ் கேட்டால் பரிசுக் கோப்பையும், கூலி கேட்டால் அன்னதானமும் நீட்டுகிற கைகளை நீங்கள் அறிவீர்கள். கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம், உரிமையை அதற்கு ஈடாக எழுதிக் கொடுக்கக் கூடாது. 1959 ஜனவரி 4-ல் ஸ்டேடியத்திலிருந்து தெருவுக்கு வந்த காங்கோ உழைப்பாளிகள் இதை நன்றாகப் புரிந்திருந்தார்கள். ஆட்டத்தையும் ரசித்தார்கள், தங்கள் நாட்டையும் கேட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தங்கள் சொந்த மைதானத்தில், தங்கள் சொந்தப் பந்தை, யாருக்கும் நன்றிக்கடன் படாமல் உதைக்கும் நாள் வர வேண்டும் என்பதே நமது விருப்பம்.